பால்கனி ஆணியில் ஒரு துணிப்பை

நம் சங்கத்தின் இந்த ஆண்டு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் வீட்டுக்கு அப்பா ஒரு முறையாவது வந்திருப்பார். நீங்கள் கூப்பிட்டு வந்திருப்பார். அது நீங்கள் நினைத்துப் பார்க்க விரும்பாத நாளாக இருந்திருக்கும். கல்கத்தாவில் நம்மவர் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால், டாக்டருக்கு அடுத்தபடி அப்பாவுக்குத்தான் போன் வரும்.

"மலர்ல போய் இதை எழுதணுமாடி? நல்லதா நாலு வார்த்தை எழுதேன்" என்றார் அம்மா. இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அப்பா பிறந்தது பவானிபூரில், ஒரு வாடகை வீட்டு மாடியில். சுருக்கெழுத்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர் தாத்தா. அப்பாவின் பேச்சு தஞ்சாவூர்ப் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் வங்காளி. படிப்பு முடிந்து ஒரு சணல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் தாத்தா காலமானார். அன்று பேய்மழை. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். உறவினர் ஒருவராலும் வந்துசேர முடியவில்லை. அக்கம்பக்கத்து வங்காளிகள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போலோ ஹரி, ஹரி போல்" என்று தங்கள் வழக்கப்படி சொல்லிக்கொண்டே தாத்தாவைத் தண்ணீரில் சுமந்து போனார்கள். அந்த நன்றியை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் பாட்டி, "இப்போ என்ன பண்ணணும், யாரைக் கேக்கறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். நம் முறை தெரிந்து தமிழில் பதில் சொல்ல அங்கே ஒருவர் இல்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று அப்பா அன்றே தீர்மானித்துவிட்டார்.

அந்தத் தீர்மானம் பின்னால் குடிவந்த எங்கள் டாலிகஞ்ச் வீட்டில் ஒரு துணிப்பையாகத் தொங்கியது. தர்ப்பை, எள், கற்பூரம், தீப்பெட்டி, கயிறு, புது வேஷ்டி எல்லாம் அதில் தயாராக இருக்கும். வீட்டுக்குள் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. பால்கனியில் ஆணி அடித்து அங்கே மாட்டினார் அப்பா. அவரைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டோம். போய்விட்டு வந்தால் நேரே குளியல். மறுநாள் காலையில் லேக் மார்க்கெட்டுக்குப் போய்க் குறைந்ததை வாங்கி நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். "அழறவாளுக்கும் பசிக்கும். அவாளா சொல்ல மாட்டா" என்றார்.

போனில் அவர் விவரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். "எங்க இருக்கேள்? இதோ வரேன்." அவ்வளவுதான். பாடைக்கு மூங்கில் சொல்வது, சடங்குக்கு வாத்தியாரை அழைப்பது, வண்டி பிடிப்பது, மயானத்தில் காத்திருப்பது எல்லாம் அதற்குப் பிறகு தானாக நடக்கும்.

என் நிச்சயதார்த்தத்தன்றும் அந்தப் போன் வந்தது. தட்டு மாற்றி முடித்த கையோடு அப்பா சட்டையை மாட்டினார். "இன்னிக்குமா?" என்றார் அம்மா. "அவாளும் நாள் பாத்துண்டா போனா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். என் மாமனாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. வெகுநாள் அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு கரியாஹாட்டில் இருந்த அவருடைய அண்ணா இறந்தபோது, முதல் போன் அப்பாவுக்குத்தான் செய்தார். அப்பா பழையதை நினைவுபடுத்தவில்லை. நானாக இருந்தால் நினைவுபடுத்தியிருப்பேன்.

சணல் கம்பெனியை இழுத்து மூடியபோது தம்பியும் நானும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அப்பா கடை கடையாகப் போய்க் கணக்கு எழுதினார். அம்மா முறுக்கும் தட்டையும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார். அந்த வருடங்களில் எங்களுக்குப் புதுத்துணி இல்லாத தீபாவளி உண்டு. பையில் புது வேஷ்டி இல்லாத நாள் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

வயதான பிறகு அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை. நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூர் என்றும் அமெரிக்கா என்றும் போய்விட்டார்கள். அவரோடு தோள் கொடுத்தவர்களுக்கு முழங்கால் போய்விட்டது. பையை நிரப்பும்போதெல்லாம் "எனக்கப்பறம் யாரு போவா?" என்று அம்மாவிடம் கேட்பார். என்னிடம் கேட்டதில்லை. தம்பி புனேயில் இருக்கிறான், நானோ பெண். அந்த விஷயத்தில் அப்பா பழைய காலத்து மனிதர். அதில் எனக்குக் கோபம் உண்டு, இன்றும் உண்டு.

போன வருடம் ஒரு காலை, காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா கூப்பிட்டு நான் ஓடிவந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குமேல் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் செய்தவர் வீட்டில், "யாரைக் கேக்கறது?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

அப்போது அலமாரியில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. ராஜாமணி மாமா. அத்தனை வீடுகளுக்கும் அப்பாவோடு கூடவே போனவர். நான் எடுத்துப் பேசுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "அண்ணா, டாலிகஞ்ச்ல ஒரு துக்கம். கார்த்தால ஆயிடுத்தாம். நீங்க மூங்கிலுக்குச் சொல்லிடுங்கோ, நான் வாத்தியாரை…"

நின்றுவிட்டார். செய்தி தெரிந்துதான் போன் செய்திருக்கிறார். தெரிந்தும், இத்தனை வருடப் பழக்கத்தில், அப்பா போனதை அப்பாவிடமே சொல்ல வந்துவிட்டார்.

"மாமா" என்றேன்.

"நான் என்னம்மா பண்ணுவேன்? கை தானா இந்த நம்பரைத்தான் போட்டுது" என்று அழத் தொடங்கினார். அதுவரை அழாமல் இருந்த நானும் அழுதேன். அழுது ஓய்ந்ததும் அவரே கேட்டார்: "பை எங்க இருக்கு?"

ஆணியிலிருந்து நான்தான் எடுத்தேன். எதுவும் குறையவில்லை. அடியிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யார் வாங்கி வைத்த பிஸ்கட் என்று அவருக்குத் தெரியும். வாங்கிச் சாப்பிட்டார்.

சற்று நேரத்தில் நியூ டவுனிலிருந்து கார்த்திக் வந்து நின்றார். ஐ.டி. கம்பெனியில் வேலை. அவருடைய தந்தையின் காரியத்தை முன்னின்று நடத்தியவர் அப்பா. "அக்கா, எனக்கு மந்த்ரம் தெரியாது. தமிழ்கூட சரியா வராது. தூக்க முடியும். என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். ராஜாமணி மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், கார்த்திக் செய்தார். மாலையில் தம்பி வந்துசேர்ந்ததும் அப்பாவைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் கார்த்திக்கும் மாமாவின் மருமகனும். மறுபக்கம் கீழ்வீட்டு வங்காளியான தபன்தாவும் அவருடைய தம்பியும். முன்னால் "கோவிந்தா, கோவிந்தா". பின்னால் "ஹரி போல்". தாத்தாவுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும் அப்பாவுக்குச் சேர்ந்தே கிடைத்தன. நான் வாசல்வரை போனேன்.

அன்று தோள் கொடுத்தவர்கள், பதின்மூன்று நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள், அம்மாவை இந்த ஒரு வருடமும் தனியாக விடாதவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். தபன்தா குடும்பத்துக்கு, அன்று தாத்தாவைச் சுமந்த அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து, இரண்டு தலைமுறை நன்றி. இந்தப் பக்கத்தை அவர்களுக்கு நானே வங்காள மொழியில் படித்துக் காட்டுவேன்.

இனி, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று.

அப்பாவின் போன் நம்பரை ரத்து செய்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அதற்குள் அது மறுபடி அடித்தது. அப்பா இல்லை என்பதே தெரியாத ஒரு வீடு. ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். நான் கார்த்திக்கைக் கூப்பிட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவுக்கு இது பிடித்திருக்குமா, தெரியாது. அம்மா தடுக்கவில்லை. மறுநாள் லேக் மார்க்கெட்டுக்குப் போய்ப் பையை நிரப்பியவர் அம்மாதான். பிஸ்கட்டை மறக்கவில்லை.

அதனால் உங்கள் போன்களிலிருந்து அப்பாவின் நம்பரை அழிக்க வேண்டாம். அது தேவைப்படாமலே நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால், கை தானாகப் போடும் அந்த நம்பரையே போடுங்கள். எடுக்கும் குரல் அப்பாவுடையதாக இருக்காது. ஆனால் விவரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.