பொண்ணு பார்க்க வந்தவங்க படிச்ச பக்கம்

இன்னைக்குப் பள்ளிபாளையத்திலிருந்து என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க.

நான் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சி பண்றவ. மாப்பிள்ளையோட பெரியம்மா வர்றதுக்கு முன்னாடியே என் பேரைக் கூகுள்ல தேடியிருக்காங்க.

"ஏனுங்க, பாப்பா பேரைப் போட்டாலே கேன்சர் கேன்சர்னு வருதுங்களே?"

அப்பா சிரிச்சார். "அது பாப்பா எழுதுன கட்டுரைங்க."

"ஆமாங்க, அதுல ஒண்ணும் புரியல. தீசிஸ்ல மொதப் பக்கம் மட்டும் புரிஞ்சுது. 'மார்பகப் புற்றுநோயில் போன அம்மாவுக்கு'ன்னு போட்டிருக்குது. நீங்க ஹார்ட் அட்டாக்னு சொன்னீங்களே?"

அப்பா எழுந்து போய், ஏற்கெனவே வேகமா ஓடிட்டிருந்த ஃபேனைக் கூட்டினார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினாங்க. குரல் இறங்கிடுச்சு. "உனக்கும் வருமா சாமி?"

"அதைத்தானுங்க ஆராய்ச்சி பண்றேன்."

காபியைப் பாதியில வெச்சுட்டு, "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க"ன்னு கிளம்பிட்டாங்க. அப்பா இன்னும் என்கிட்ட பேசல.

இத்தனை வருஷத்துல நான் எழுதுனதைத் தேடிப் படிச்சு, எனக்கு என்ன ஆகும்னு கேட்ட ஒரே வாசகி அவங்கதான்.

என் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு எண்ணுற சைட்டேஷன் கணக்குல இதையெல்லாம் சேர்ப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.