உடைந்த துப்பாக்கிக்கு உரியவனைத் தேடியவர்

மாட்டுங்காவில் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கியபோது செய்தி வந்தது. "சவரிமுத்து அண்ணாச்சி போயிட்டாவ" என்றார் தாராவியிலிருந்து ஓடிவந்த தோழர். அவரை அறிந்த உங்களுக்காகக் களைத்த கையால் இதை எழுதுகிறேன்.

நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம் அவருடையது. படைக்கலக் கிடங்கில் அவில்தார். அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரில், பகைவரிடம் கைப்பற்றிய துப்பாக்கிகளை வகைப்படுத்தி அட்டை கட்டுவது அவர் பணி. நல்லவற்றை நம் படையே எடுத்துக்கொள்ளும். பழுதானவை கண்காட்சிக்கோ உலைக்கோ போகும். பிரிவினைக்கு முன்பு ஒரே படையாய் இருந்தவர்கள் அல்லவா, இரு பக்கத்தாரும் ஒரே வகைத் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். களத்துக் குவியலில் நம்முடையதும் கலந்துவிடும். பரபரப்பில் அதற்கும் பகைவர் அட்டை விழும். "துப்பாக்கிக்கு நாடு கெடையாது தம்பி. வச்சிருந்தவனுக்குத்தான் உண்டு" என்பார்.

தாராவியின் செய்னம்புவை உங்களில் பலர் அறிவீர்கள். அவள் கணவர் மைதீன் அந்தப் போரில் காணாமற்போனார். உடல் கிடைக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி, "ஒம் மாப்பிள்ள எல்லை தாண்டிப் போயி அங்கனயே குடித்தனம் போட்டுட்டாராமே?" என்று கேட்டாளாம். விடுப்பில் வந்த அண்ணாச்சியிடம் செய்னம்பு சொன்னதை நானும் கேட்டேன். "செத்துட்டாருன்னா அழுதுட்டுப் போறேன் அண்ணாச்சி. ஓடிட்டாருன்னு சொல்லுதாங்களே, அதுக்கு எப்படி அழ?"

அண்ணாச்சி மைதீனின் படைப்பிரிவுக்கு எழுதி, அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் எண்ணை வாங்கினார். பின்பு ஒவ்வொரு குவியலிலும் அதைத் தேடினார். பிற கிடங்குகள் அட்டை கட்டி முடித்தவற்றையும் விடவில்லை. கண்காட்சிக் காவலுக்கு ஊர் ஊராய்ப் போனதும் அதற்காகத்தான்.

மாட்டுங்காத் திடலுக்கும் அக்கண்காட்சி வந்தது. நான் பேச்சாளன். பின்கட்டை பிளந்த துப்பாக்கி ஒன்றை விழாத் தலைவர் என்னிடம் நீட்டி, "இதைத் தூக்கிக் காட்டிப் பேசுங்கோ சார், ஜனங்க அசந்துடுவா" என்றார். அண்ணாச்சி இடையில் அதை வாங்கி எண்ணைப் பார்த்தார். மைதீனுடைய எண்ணேதான். பிறகு அட்டையை அறுத்தார்.

"இது பகைவன் சாமானில்ல. நம்ம பயலோடது."

"அரே, என்ன ஓய்! உடைஞ்ச கட்டைக்கு இவ்வளவு ரகளையா? கூட்டம் காத்திண்டிருக்கு."

"காத்துக்கிடக்கட்டும். ஒருத்தி எம்புட்டு நாளா காத்துக்கிடக்கா, தெரியுமாவே?"

செய்னம்புவை அழைத்து வந்தார்கள். துப்பாக்கியைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. "பகைவன் சாமானோட கெடந்துச்சுன்னா, அவரே குடுத்துட்டாருன்னுல்லா சொல்லுவாங்க?"

அண்ணாச்சி கட்டையின் அடியைக் காட்டினார். பித்தளைத் தகடு உள்நோக்கி நசுங்கியிருந்தது; முனைக்கத்தி வளைந்திருந்தது. "குடுக்கவன் இப்படி ஒடைக்க மாட்டாம்மா. குண்டு தீந்த பொறவு இதை வச்சு அடிச்சிருக்கான்."

அவள் திடலின் மண்ணிலேயே அமர்ந்து அழுதாள். அன்று நான் எதையும் தூக்கிக் காட்டவில்லை. மைதீன் பெயரைச் சொன்னேன். கைதட்டல் குறைவாகவே இருந்தது.

படை மேலிடம் இதை எளிதில் ஏற்கவில்லை. வண்டி ஏறி நசுங்கியிருக்கலாம் என்றார்கள். வண்டி ஏறினால் குழலும் வளைந்திருக்கும் என்று இவர் திரும்ப எழுதினார். மறுமொழி இல்லாதபோது மீண்டும் எழுதினார். நேரில் போய் வெளிவாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய நாள்கள் பல. ஒருவழியாக, மைதீன் போரில் மாண்டவர் என்று அறிவித்தார்கள். அதன்பிறகும் குழாயடிப் பேச்சு முழுதாய் ஓயவில்லை. நான் கொதித்தேன். அவர் சோர்வாகச் சிரித்தார். "ஊர்வாய்க்கு அட்டை கட்ட முடியுமா தம்பி? அவ அழுதுட்டா. அது போதும்."

அவரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாயிலில் செய்னம்பு உரக்க அழுதாள். யாரென்று எவரோ கேட்டார். "எங்க அண்ணன்" என்றாள்.

என்னிடம் பெருஞ்சொற்கள் குறைந்துவிட்டன, தோழர்களே. ஆனால் அந்தத் திடலுக்குப்பின் நான் ஏறிய மேடை எதிலும் மைதீனின் பெயரைச் சொல்லாமல் இறங்கியதில்லை. அண்ணாச்சி என்னிடம் விட்டுப்போன கடமை அது. இனி இரண்டு பெயர்கள் சொல்ல வேண்டும்.