முதல் பெஞ்சு

தாம்பரம் பக்கம் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் அம்மா வம்பைத் தொடங்கிவிட்டாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். அப்பாவுக்கு மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைக்க, மாடம்பாக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்தோம். விற்க மனம் வராத ஒரே ஒரு கறவை மாடும் எங்களோடு வந்தது.

அன்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு சர்ச்சுக்குள் நுழைந்தாள். நேராகப் போய்ப் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அது சபைச் செயலாளர் வீட்டு அம்மாவின் இடம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்த ஒரு அக்கா குனிந்து, பின்னால் நிறைய இடம் இருக்கிறதே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இதுல யாரு பேராச்சும் எழுதியிருக்குதா?" என்றாள் அம்மா. எனக்கு மானமே போய்விட்டது.

செயலாளர் வீட்டு அம்மா வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒண்டினார். அடுத்த வாரம் ஆராதனைக்கு வெகு முன்னதாகவே வந்தார். அதற்கும் முன்னால் நாங்கள் அங்கே இருந்தோம். விடியுமுன் எழுந்து சாணி வாரி, பால் கறந்து, குளித்து முடிக்கிறவளோடு யாராவது சீக்கிரம் வரும் போட்டி வைப்பார்களா? பாவம், அவருக்கு அது தெரியாது. பிறகு ஒரு சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி முடிந்ததும் தன் பைபிளைப் பெஞ்சில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போனார். மறுநாள் அம்மா அதைப் பயபக்தியோடு எடுத்து, முந்தானையால் துடைத்து, கோயில் வேலையாளிடம் கொடுத்தாள். யாரோ வேதத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

விஷயம் போதகர் காதுக்குப் போனது. வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, எங்கள் மாட்டுப் பாலில் காப்பி குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "ஆண்டவர் சந்நிதியில முன்னால என்னம்மா, பின்னால என்னம்மா? எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுதான்னா அவங்க பின்னாடி ஒக்காரட்டும், ஐயா."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பேஜாரெல்லாம் எனக்குத்தான். செயலாளரின் மகள் சொன்னாள் என்று ஞாயிறு பள்ளியில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த ஞாயிறு அம்மா தலை பின்னிவிடும்போது அழுதே விட்டேன். ஊர்ச் சர்ச்சில் வாசலோரம் தரையில்தானே உட்காருவோம், காற்று எவ்வளவு ஜிலுஜிலுவென்று வரும், பெஞ்சில் மேலத்தெருக்காரர்கள்தானே புழுங்கிக்கொண்டு கிடப்பார்கள், இங்கேயும் வாசலோரமே போய்விடலாம் என்று கெஞ்சினேன்.

அம்மாவின் கை நின்றது.

"நாமளா போயி ஒக்காரல. அவங்க ஒக்கார வெச்சாங்க."

வலிக்க வலிக்கச் சடையை இறுக்கிப் பின்னி, என்னை அதே முதல் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவள்மேல் கோபமான கோபம். காற்று வரும் இடமாகப் பார்த்து எங்களை உட்கார வைத்த மேலத்தெருக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள், அவர்களைப் போய் இப்படிக் கடுகடுவென்று பேசுகிறாளே என்று ஆராதனை முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.