சம்பந்தி கடை ஏசி

எங்கள் பம்பு கம்பெனியில் ஒரு நட்டு வாங்குவதானாலும் சென்னியம்மாள் மூன்று இடத்தில் விலை கேட்பார். பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஃபவுண்டரிக்காரர்கள் காலையிலேயே வந்து, அந்த அம்மாள் டீ குடித்து முடிக்கும்வரை வெளியே காத்து நிற்பார்கள். டீ குடித்த பிறகு கொஞ்சம் இளகுவார் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிற அங்கப்பனாகிய நான் அவரை டீக்கு முன்னும் பார்த்திருக்கிறேன், பின்னும் பார்த்திருக்கிறேன். ஒரு பைசா இளகியதில்லை.

அதற்காகக் கஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை பெட்டி செய்து தருகிற ஒருவர் மிகக் குறைத்து விலை எழுதியிருந்தார். கம்பெனிக்கு லாபம் என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே. சென்னியம்மாள் அவரைக் கூப்பிட்டு, "இந்த வெலைக்குக் குடுத்தா உங்களுக்குக் கட்டாதுங்களே, கூட்டல்ல எங்கயோ உட்டுப்போட்டீங்க பாருங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு எரிச்சல். கேட்டதற்கு, "கொறஞ்ச வெல வேற, ஞாயமான வெல வேறங்கண்ணா" என்றார்.

கணவர் இறந்தபோது மகள் மோகனப்பிரியா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அப்படித்தான் அந்த வீடு நடந்தது. அளந்து அளந்தே கணபதி பகுதியில் மாடி வைத்து ஒரு வீடு, மகளுக்குப் படிப்பு, இரண்டு வருஷத்துக்கு முன் பல்லடத்தில் நல்ல இடத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சுரேந்தர். அவனுடைய அப்பா செங்கோடன் பல்லடத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறார். தோட்டமும் உண்டு. நல்ல மனுஷர். தொந்தரவே அதுதான்.

இந்த வருஷம் சித்திரையில் மோகனப்பிரியாவுக்கு ஒன்பதாம் மாதம். கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பெண்ணின் அம்மா வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் போட்டு, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கையோடு அழைத்து வருவார்கள். மகளுக்கென்று மாடி அறையைச் சென்னியம்மாள் வெள்ளையடித்து வைத்தார். அங்கே இருந்த ஏசிக்குப் பதினோரு வயது. போட்டால் சத்தம் வந்தது, குளிர் வரவில்லை. பார்த்த மெக்கானிக், காயிலில் ஓட்டை, கேஸ் அடைத்தால் ஒரு மாசம்கூட நிற்காது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். அந்த மாடியில் மத்தியானம் தரையில் கால் வைக்க முடியாது. பச்சைக் குழந்தையை எப்படிப் போடுவது?

சம்பந்திக்குப் போன் செய்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். செங்கோடனின் குரல் எனக்கே கேட்டது.

"அதுக்கென்னங்க, நம்ம கடை எதுக்கு இருக்குது? எம் பேரனோ பேத்தியோ படுக்கற ரூம்பு. ரெண்டு டன்னாவே போட்டுடறேனுங்க."

"அண்ணா, வெல எவ்வளவு ஆகுமுங்க?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நமக்குள்ள வெல பேசறதுங்களா?"

போனை வைத்துவிட்டுச் சென்னியம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பொறியில் விழுந்த எலிகூட இன்னும் கொஞ்சம் தைரியமாகப் பார்க்கும். ஏனென்றால் அந்தக் கதை அவருக்குத் தெரியும். செங்கோடனின் சொந்தப் பங்காளி ஒருவர் இதேபோல விலை கேட்காமல் ஃபிரிட்ஜ் எடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் பேச்சுவாக்கில், விலை காதுக்கு வந்து சேர்ந்தது. வெளிக்கடையைவிட எட்டாயிரம் அதிகம். பங்காளி மறுநாளே வாய் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். இதை மோகனப்பிரியாதான் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இரண்டு டன் எதற்கு? வேண்டாம் என்றால் செங்கோடனின் மனம் நோகும். வேறு கடையில் வாங்கினால் பல்லடம் முழுக்கத் தெரியும். விலையைக் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். சும்மா இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்த பணத்தில் எவ்வளவு போகும் என்றே தெரியாது.

"நான் வேற கடையில வாங்கப் போறதில்லீங்கண்ணா" என்றார் சென்னியம்மாள். "அவரு என்ன சொல்றாரோ அதக் குடுத்துப்போடறேன். ஆனா எவ்வளவு சேத்திக் குடுக்கறேன்னு எனக்குத் தெரியோணும். தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கென்ன அம்மணி, எம் பேர்ல மூணு கொட்டேஷன் வாங்கிப் போடலாம். பல்லடத்துக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

இரண்டு கடைக்காரர்கள் போனிலேயே விலை சொல்லிவிட்டார்கள். சரவணம்பட்டியில் ஒரு கடைக்காரர் மட்டும், பைப் எத்தனை அடி போகும், வெளி யூனிட்டை எங்கே மாட்டுவது என்று பார்த்தால்தான் சரியான விலை சொல்ல முடியும், ஆளை அனுப்புகிறேன் என்றார். ஒழுங்கான கடை. விலாசம் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் யூனுஸ் என்ற ஃபிட்டர் வந்தார். நான் வீட்டுக்காரன் மாதிரி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு நின்றேன். நல்ல வேலைக்காரர். மேலே போய் டேப் வைத்து அளந்தார். பன்னிரண்டு அடி பைப், மேற்குச் சுவரில் ஸ்டாண்டு, ஒன்றரை டன் தாராளம் என்று குறித்துக்கொண்டார். எங்களுக்கு மனசு நிறைந்துவிட்டது. இறங்கி வரும்போது ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, இது பல்லடம் செங்கோடண்ணன் ஊட்டுக் கல்யாணந்தானுங்களே? அண்ணன் கடைக்கும் நாந்தானுங்க ஃபிட்டிங் பண்றது. நாலு மாவட்டத்துக்கும் சீசன்ல நாங்க பத்து இருவது பேருதானுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பறம் எதுக்குங்க வெளிக்கடையில..." என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து அவரே நிறுத்திவிட்டார்.

ஏசி விற்கிறவர் நூறு பேர், மாட்டுகிறவர் பத்துப் பேர் என்பது கம்பெனிக்கே சாமான் வாங்குகிற எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சென்னியம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். யூனுஸ் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். சொல்ல வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் குதித்தேன்.

"எப்படிங்கண்ணா சொல்றது? சொல்லாதீங்கன்னு சொன்னா, நான் ஏதோ தப்புப் பண்ணுனேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார்.

நான்கு நாள் பல்லடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மகள் போன் செய்தாள், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்தாள். தெரிந்துதான் பேசுகிறாளா, தெரியாமல் பேசுகிறாளா என்று சென்னியம்மாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயம். அந்த வாரம் ஒரு பேரிங் சப்ளையர் முதலில் சொன்ன விலைக்கே தலையாட்டி ஆர்டரைக் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் பயந்துபோய் நேராக ஸ்டோர்ஸுக்கு வந்து, "மேடத்துக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

ஐந்தாம் நாள் செங்கோடனே வந்தார். பின்னால் ஒரு குட்டி யானை வண்டியில் ஏசிப் பெட்டி. அதன் பக்கத்தில் யூனுஸ், தலையைத் தூக்கவே இல்லை. சென்னியம்மாள் போன் செய்து என்னையும் வரச் சொல்லியிருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெட்டியின் மேல் ஒன்றரை டன் என்று எழுதியிருந்தது.

மாட்டி முடிக்கும்வரை செங்கோடன் உட்காரவில்லை. முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து கம்ப்யூட்டர் பில்லை எடுத்து நீட்டினார். ஏசி தனி, பைப் தனி, ஸ்டாண்டு தனி, ஃபிட்டிங் தனி, வரி தனி. கூட்டினால் நாற்பத்தாறாயிரத்து இருநூறு. யூனுஸ் அளந்து போன பிறகு சரவணம்பட்டிக் கடை எனக்குச் சொன்ன அதே தொகை, ஒரு ரூபாய் முன்பின் இல்லை.

"சரியா இருக்குதுங்களா பாத்துக்கங்க. ஞாயமான வெலதானுங்களே?"

"அண்ணா, நான் அதுக்காகக் கேக்கலீங்க..."

"அட, கேக்கறது ஒண்ணும் தப்பில்லீங்களே. கேக்கறவங்களுக்குச் சொல்லித்தான ஆகோணும்."

சென்னியம்மாள் பில்லை வாங்கிக்கொண்டார். போனிலேயே பணத்தை அனுப்பினார். செங்கோடன் கடைக்குப் பேசி, வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சிரித்த முகத்தோடு, "ஆச்சுங்க. இனி நமக்குள்ள பாக்கி ஒண்ணும் இல்லீங்க" என்றார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எங்கள் ஊரில் கோபமும் ஒரு 'ங்க'வைச் சேர்த்துக்கொண்டுதான் வரும், அதை எங்கே பிடித்து மல்லுக்கு நிற்பது?

மடையன் நான், மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். "பரவால்லியே அம்மணி, கொறஞ்சதுல முடிஞ்சுது" என்று வேறு சொன்னேன். அவர் பில்லை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் கழித்து செங்கோடனின் மனைவி பாவாத்தாள் போன் செய்தார். "கட்டுச்சோறு தாராளமாக் கொண்டாங்க, சம்பந்தியம்மா. ஆனா புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க. நீங்க வேலைக்குப் போறவங்க, எதுக்குங்க செரமம்? ஆஸ்பத்திரியும் இங்க பக்கம். ஏசியும் நம்மூட்டுல எல்லா ரூம்புலயும் இருக்குதுங்க."

சென்னியம்மாள் மகளைக் கூப்பிட்டார். மகள் அழுதாள்.

"எதுக்கும்மா வெளியில கேட்டே? மாமா காசே வாங்கக் கூடாதுன்னு இருந்தாராமா. கொழந்தைக்கு மொதல் சீரா அவரே போட்டுக் குடுக்கோணும்னு அத்தைகிட்டச் சொல்லி வெச்சிருந்தாராமா."

அது நிஜமா, பிற்பாடு சொல்லிக்கொண்டதா? யாருக்குத் தெரியும். எந்தக் கடையில் போய் அதற்குக் கொட்டேஷன் வாங்குவது? எனக்கு இன்றைக்கும் அந்த ஆள்மேல் ஆத்திரம்தான். சும்மா தருவதாக இருந்தால் அன்றைக்கே போனில் ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா என்று சென்னியம்மாளிடம் கேட்டேன். "சொன்னா நான் வேண்டாம்பனுங்கண்ணா. அதுவும் அவருக்குத் தெரியும்" என்றார். அவரால் சம்பந்தியைத் தப்புச் சொல்லவும் முடியவில்லை, தன்னைத் தப்புச் சொல்லவும் முடியவில்லை.

குறித்த நாளில் வேன் வைத்துப் போனோம். நானும் என் வீட்டுக்காரியும், சென்னியம்மாளின் சொந்தக்காரர்கள் பத்துப் பேரும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு என்று போசி போசியாகப் பாத்திரங்களை இறக்கினோம். வாசலில் நின்று செங்கோடன் கைகூப்பி வரவேற்றார். எனக்கு அவரே இலை போட்டார். யார் முகத்திலும் ஒரு சுளிப்புக் கிடையாது. மோகனப்பிரியா கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாள் மகளுக்கு ஒவ்வொரு சோற்றிலும் ஒரு வாய் ஊட்டினார், அந்த வீட்டார் சொன்ன நேரத்தில் எழுந்தார்.

கிளம்பும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செங்கோடனைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேர் அந்தப் பார்வையோடு அவர் மேஜைக்கு முன்னால் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அவர் அப்படி நின்று பார்த்தேன்.

"போயிட்டு வாங்க சம்பந்தியம்மா" என்றார் செங்கோடன். "பொறந்ததும் மொதப் போன் உங்களுக்குத்தானுங்க."

வேனில் மகளுக்கென்று ஜன்னலோரம் ஒரு சீட்டைப் பெண்கள் காலியாக விட்டிருந்தார்கள். பாவாத்தாள் போனில் சொன்னதைச் சென்னியம்மாள் அவர்களிடம் சொல்லவே இல்லை, கடைசி நிமிஷத்தில் சம்பந்தி வீட்டார் மனம் மாறும் என்று நம்பியிருக்கிறார். வேன் காரணம்பேட்டையைத் தாண்டியது. பிறகு சென்னியம்மாள் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரெண்டு டன்னுக்கு அவரு ஒரு லட்சம் சொல்லியிருந்தாலும் சேத்துக் குடுத்திருக்கலாமுங்கண்ணா. புள்ள இப்ப எம் பக்கத்துல உக்காந்திருக்கும். எல்லாத்துக்கும் வெல கேட்டேன், வெல கேக்கறதுக்கு என்ன வெலன்னு மட்டும் கேக்காம உட்டுப்போட்டேன்."

யோசனை சொன்னவன் நான். சூலூர் வரும்வரை அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். நான் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.