ஒரே போர்டில் இரண்டு சாக்கெட்

1. கடலுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை

டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையைத் தேடிச் சங்கரன்கோவில் தெருக்களில் அலைந்தேன். கடைசியில் அது ஒரு விசைத்தறிக் கூடத்தின் பின்கட்டில் இருந்தது. முதலாளி வேலாயுத அண்ணாச்சிக்கு ஒரு பைத்தியம். தறியில் இழை அறுந்தால், எந்தத் தறி என்று விளக்குப் போட்டுக் காட்டும் போர்டு செய்து மில்களுக்கு விற்க வேண்டும். அதற்கு மூளை, அமெரிக்காவிலிருந்து வரும் பிராசஸர் சிப்.

முன்கட்டில் தறிகள் இரைய, சால்டரிங் அயனைப் பிடித்தபடி நான் அந்த அமெரிக்கத் தொழிற்சாலைக்குப் போய்விடுவேன். தூசியே இல்லாத அறைகள். மஞ்சள் வெளிச்சம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியவர்கள் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எனக்காக ஒரு சிப்பைத் தனியே எடுத்து வைக்கிறாள். ஜன்னல் வழியே ஆடிக்காற்று ஒரு கை புழுதியை மேசையில் கொட்டியதும் திரும்பி வருவேன்.

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. எங்களுக்குச் சிப் குதிரைக்கொம்பு ஆனது. ராஜபாளையம் பக்கத்து மில் ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. அது கைவிட்டுப் போனால் பின்கட்டை மூடிவிடுவார்கள். எனக்கு ஊரில் வேறு வேலை கிடையாது, மெட்ராசுக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் ஒரு பெட்டி சிப் வந்து சேர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

2. பட்டுத்துணி

தபசு மறுநாள் வேலைக்குப் போனால், மேசையில் ஒரு தாம்பாளம். அதில் பட்டுத்துணி விரித்து, சிப்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கோயில் பிரசாதப் புற்றுமண் பொட்டு. பக்கத்தில் புது டெரிலின் சட்டையில் அண்ணாச்சி, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, கோமதி ஆத்தா பாதத்துல வச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். இனி நமக்கு என்ன குறை?"

"அண்ணாச்சி, கறுப்புப் பஞ்சுல குத்தி இருந்துச்சே?"

"சாமிகிட்ட அந்தக் கருமத்தையா கொண்டு போறது? ஒண்ணொண்ணா பிடுங்கி, பட்டால நல்லா துடைச்சுல்லா வச்சேன்!"

அவர் சட்டையைப் பார்த்தேன். காய்ந்த ஆடிக்காற்று, பட்டு, கழற்றும்போதே படபடவென்று பொரிகிற டெரிலின். அந்த உரசல் மின்சாரத்தில் ஒரு பொறி போதும், சிப் செத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பஞ்சு. ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு உயிர் இல்லை.

"உங்க பக்தியில இடி விழ!" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. ஒரு சிப்பை உள்ளங்கையில் வைத்துத் தடவியபடி, "பச்சப்பிள்ளை மாதிரிதான தூக்கிட்டுப் போனேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. எதிராளியின் சரக்கு

மெட்ராஸ் டீலருக்கு டிரங்க் கால் போட்டேன். "ஃபேக்டரியில கெப்பாசிட்டி ஃபுல் மேடம். பெரிய கம்பெனிகளுக்கே பங்கு போட்டுத்தான் தராங்க. தை மாசத்துக்கு மேல கேளுங்க. அவங்களுக்கு எதிரா ஒருத்தர் பண்றாரே, அந்தச் சிப் வேணுமா? நாளைக்கே பஸ்ல போட்டுடறேன். புதுசா ஃபேக்டரி கட்டிட்டு, இவங்க கஸ்டமர்களை அங்க இழுக்கறாங்க."

இழுப்பதற்காகவே அந்த எதிராளி ஒரு காரியம் செய்திருந்தான். நாங்கள் வாங்கிவந்த சிப்புக்கு எழுதின புரோகிராம் அவன் சிப்பிலும் ஓடும். கால்களின் வரிசைதான் வேறு. அதனால் எங்கள் போர்டில் சிப்பைச் சொருகும் சாக்கெட்டில் அது உட்காராது.

அண்ணாச்சி தயங்கினார். "மூடிருவோமாட்டி? ஒன்னையும் போட்டு வதைக்கேனே."

"மூட வேண்டாம். பக்கத்துல இன்னொரு சாக்கெட் போடுவோம். எவன் சரக்கு கிடைக்கோ அதைச் சொருகுவோம்."

அவர் கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்த்தார். "சங்கரனும் நாராயணனும் ஒரே உருவமா நிக்கிற ஊருல, எனக்கு இது தோணலையே!"

மெல்லிய ஒயர்களை இழுத்து, கண் எரிய எரிய முடித்தோம். மில்லில் முதல் இழை அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது அண்ணாச்சி குழந்தை மாதிரி கைதட்டினார். அந்த இரண்டு கம்பெனிகளும் அமெரிக்காவில் மல்லுக்கட்டியதில் எனக்கு ஊரிலேயே வேலை நிலைத்தது.

ஒரே தொழிற்சாலையை நம்பி டிசைன் போடாதே என்று பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சிப்பைப் பட்டில் வைக்காதீர்கள் என்று அண்ணாச்சிக்கு மட்டும் சொல்லித் தீரவில்லை. அடுத்த தபசுக்கும் தாம்பாளத்தோடு வந்து நின்றார். நான் பஞ்சுப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உயிருள்ளதை யாருட்டி கேட்டா? செத்ததைத் தா. அதுக சாகலைன்னா நாம ரெண்டாவது சாக்கெட் போட்டிருப்போமா?"

பட்டுத்துணியை நானே விரித்துக் கொடுத்தேன்.