ஒவ்வாமை: இல்லை

ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் எனக்கு வேலை. டாக்டர்கள் எழுதும் நோய்க்குறிப்பைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஒரு சீழ்க்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வந்தால் ஒரு எண், முதுகில் வந்தால் வேறு எண். அக்குளில் வந்தால் வலதா இடதா என்று தெரிய வேண்டும். டாக்டர் எழுதாமல் விட்டதை நாமாக நிரப்பக்கூடாது. நோயாளி கண்ணெதிரே வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ‘எழுதாதது நடக்காதது’ என்பது எங்கள் வேலையின் வேதம். வீட்டிலும் இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் கடுப்பேற்றி வைத்திருக்கிறேன்.

அன்று என் மேஜைக்கு வந்தது என் மாமியாரின் கட்டி.

அத்தை ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். கட்டி சின்னதாக இருந்தபோதே சொல்லியிருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். யாரிடமும் சொல்லாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். காய்ச்சல் கொதித்து, கையைக் கீழே இறக்க முடியாமல் ஆன பிறகுதான் என் கணவர் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அறுத்துச் சீழை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் அனுமதிக்காக ஆபரேஷனுக்கு முன்பே என்னிடம் வந்த கேஸ் ஷீட்டில் ‘அக்குள் சீழ்க்கட்டி’ என்று மட்டும் இருந்தது. மாமியார் என்பதற்காக விதியை மாற்ற முடியுமா? திருப்பி அனுப்பினேன். ‘வலது’ என்று சேர்த்து வந்தது.

மறுபடி மேலிருந்து படித்தேன். ‘ஒவ்வாமை: இல்லை’. பெரும்பாலான ஷீட்டுகளில் அப்படித்தான் இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். அன்று தாண்டவில்லை. அத்தைக்கும் ஒவ்வாமைக்கும் நடுவில் நின்றது என் கருவாட்டுக் குழம்பு.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் நடந்தது அது. கத்தரிக்கோல் பட்டு அத்தைக்கு விரலில் சீழ் வைத்துவிட்டது. தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். நான் ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். கை கழுவ எழுந்தபோதே உதடு தடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடித்தான் உயிரைப் பிடித்தோம். புண்ணுக்குப் பத்தியம் இருக்க வேண்டியவருக்குக் கருவாடு ஆக்கிப் போட்டவள் நான். அதன் பிறகு எந்தச் சொந்தக்காரர் வந்தாலும், “மாமியாருக்கு டிக்கெட் வாங்கப் பாத்தாளே, இவதான்” என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வயிறு எரியும். அத்தை என் கருவாட்டை அப்புறம் தொட்டதே இல்லை. குடியாத்தத்தில் மகள் வீட்டுக்குப் போனால் மட்டும் வக்கணையாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

அந்த எரிச்சலைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. மகள் வீட்டுக் கருவாடு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது? அன்று கருவாட்டுக்கு முன்னால் ஓர் ஊசியும் போயிருந்ததே. எங்கள் வீட்டில் மருந்து குணமாக்கும், சாப்பாடுதான் கெடுக்கும். அந்த ஊசியின் மேல் இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். அட்மிஷனின்போது நர்ஸ் கேட்டதற்கு அத்தை சத்தியமாக நம்பித்தான் ‘இல்லை’ என்றிருப்பார்.

ஷீட்டின் கீழே பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் போட வேண்டியது, பென்சிலின் வகை ஊசி.

வார்டுக்குப் போன் அடித்தேன். எடுப்பாரில்லை. எழுதி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமா இது? மாடிப்படியில் ஓடினேன். கூடவே ஒரு பயமும் ஓடிவந்தது. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? தன் பழியைத் துடைத்துக்கொள்ள ஆபரேஷனையே நிறுத்தினாள் என்று ஆயுசுக்கும் சொல்வார்களே.

நர்ஸ் சிரிஞ்சைக் கையில் எடுத்திருந்தார்.

“சிஸ்டர், போடாதீங்க!”

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினார். “இன்னாம்மா இது, வேலைய வுட்டுட்டு ஓடியாற? பேஜார் பண்ணாத. வலி உயிர் போவுது, போட்டு முடிக்கட்டும்.”

“அத்தை, கருவாடு சாப்ட்ட அன்னிக்கு நீங்க ஊசி போட்டுக்கினு வந்தீங்க.”

“இப்ப எதுக்கு அந்தக் கதை?”

“டாக்டர் வரட்டும். அதுவரைக்கும் இது வாணாம்.”

கணவர் என்னை முறைத்தார். நான் கட்டிலை விட்டு நகரவில்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிஞ்சைத் தட்டில் வைத்தார்.

டாக்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் வீங்கியது, மூச்சு இழுத்ததா என்று அத்தையிடம் பொறுமையாகக் கேட்டார்.

“அதுக்கப்புறம் கருவாடு சாப்பிட்டிருக்கீங்களா?”

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். “பொண்ணு வீட்ல சாப்டுவேன்.”

“ஒண்ணும் ஆகலியா?”

“ஆவல.”

“அப்ப அது கருவாடு இல்லம்மா. புண்ணுக்குப் போட்ட ஊசி. பென்சிலினாத்தான் இருந்திருக்கும். இப்ப இதைப் போட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்.”

‘இல்லை’யை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் மாற்றி எழுதினார். வேறு மருந்து வந்தது. நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை பிழைத்ததற்கா, நான் பிழைத்ததற்கா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். சீழ் எடுத்து முடித்து அவர் கண் விழித்ததைப் பார்த்துவிட்டு வந்து, கட்டிக்கு ஓர் எண்ணும் ஒவ்வாமைக்கு ஓர் எண்ணும் போட்டேன். இரண்டாவது எண்ணை ஊராருக்கு நிறையத் தடவை போட்டிருக்கிறேன், என் வீட்டாருக்குப் போட்டது இதுதான் முதல் தடவை.

வீட்டில் அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

கட்டு மாற்றக் கூட்டிக்கொண்டு போன அன்று வேறொரு நர்ஸ் இருந்தார். “எதுனா ஒத்துக்காதாம்மா?” என்று வழக்கம்போலக் கேட்டார்.

“பென்சிலின் ஒத்துக்காது,” என்றார் அத்தை. பிறகு என் பக்கம் பார்க்காமலே, “கருவாடு ஒத்துக்கும். என் மருமவ வைக்கிற குழம்பு. அதையும் எழுதும்மா,” என்றார்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே பேனாவை மூடப் போனார். அத்தை விடவில்லை.

“சிரிக்காத, எழுது. எழுதலன்னா நடக்கவே இல்லன்னு சொல்லிடுவா இவ.”