பன்னிரண்டு பாகைச் சரிவு

சுவிஸில், ஓல்டனுக்கு அருகில் தோட்ட இயந்திரங்கள் விற்கும் கடையில் நான் வேலை செய்தபோது, ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டப் பராமரிப்பாளர் மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து வந்தார். யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, காற்சட்டைக்கு மேலேயே கட்டிய முழங்கால் பட்டி. உட்கார்ந்தபடி புல்வெட்டும் சிவப்பு இயந்திரம் ஒன்று கடையில் நின்றது. ஒவ்வொரு முறையும் அதில்தான் ஏறுவார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, சுக்கானைப் பிடித்துக்கொள்வார்.

“எங்கடை புல்லுச் சரிவு பன்னிரண்டு பாகைதான் தம்பி. ஃபோனாலை அளந்தனான்.”

அந்த இயந்திரம் பதினைந்து பாகை வரை தாங்கும். ஆனாலும் இடத்தைப் பார்க்காமல் நாங்கள் விற்பதில்லை. போய்ப் பார்த்தேன். வாசலருகே பன்னிரண்டுதான். பின்பக்கம் மேலே ஏறி அளந்தேன்; இருபத்தெட்டு.

“அண்ணை, அங்க இது பிரண்டுபோடும். நீங்கள் மேல அளக்கேல்லையோ?”

“இவ்வளவு காலமும் தள்ளுற மெஷினாலை வெட்டினனான். இப்ப மேல ஏற ஏலாது. அதுக்குத்தானே தம்பி இதைக் கேக்கிறன்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்கடை ஒஃபிசில சரிவைப் பற்றி மட்டும் சொல்லுங்கோ. காலைப் பற்றிக் கதையாதேங்கோ.”

அப்படியே செய்தேன்; அந்தச் சரிவுக்கு ஏறி ஓட்டும் இயந்திரம் சரிவராது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கோடையில் அவ்வழியே போனபோது, சரிவு முழுக்க வாடகைக்கு எடுத்த ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்வெட்ட இனி ஆள் தேவையில்லை என்று அவரை நிறுத்திவிட்டதாக இல்லத்தில் சொன்னார்கள்.

அவருடைய காலைப் பற்றி நான் யாரிடமும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.